சேர்வோ மோட்டரும் மைக்ரோகொன்ட்ரோலரும்: வாசகர் கேள்வி – பதில்

ரிமோட்டில் இயங்கும் மாதிரிப் படகு, விமானம், ஊர்தி ஆகியவற்றின் சேர்வோ மோட்டர்களை (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டர்கள்) மைக்ரோகொன்ட்ரோலர் (செய்நிரலை ஓட்டும் சிறு கணினிச் சில்லு) கொண்டு இயக்குவது பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே முறைப்பாட்டைச் சொல்கின்றன: செய்நிரலில் பிழை இல்லை, ஆனால் சேர்வோ நடுங்குகிறது, அல்லது முனகுகிறது, அல்லது நினைத்த இடத்தில் நிற்க மறுக்கிறது. ஒரே முறைப்பாட்டுக்குக் காரணங்கள் பல இருப்பதால், ஐந்து கடிதங்களைத் தெரிவுசெய்து விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, உயர்தரச் செயற்றிட்டத்துக்காக ஆர்டுயினோ ஊனோ மைக்ரோகொன்ட்ரோலர் பலகையின் 9ஆம் முனையில் நீலநிறச் சிறிய சேர்வோ ஒன்றை இணைத்து, அனலொக்ரைட் கட்டளையால் 0 முதல் 255 வரை பெறுமானங்களைக் கொடுத்துப் பார்த்தேன். சேர்வோ ஒரு பக்கம் திரும்பி நின்று முனகுகிறது. சற்று நேரத்தில் சூடாகியும் விடுகிறது. சாதாரண மோட்டரின் வேகத்தை இதே கட்டளையால் மாற்ற முடிகிறது. சேர்வோவை மட்டும் ஏன் முடியவில்லை?
– மாணவி, கொக்குவில்

பதில்: அனலொக்ரைட் மின்னழுத்தத்தை விரைவாக ஏற்றி இறக்கித் துடிப்புகளாக அனுப்புகிறது. சாதாரண மோட்டர் தனக்குக் கிடைக்கும் சராசரி மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஓடுகிறது. ஆகவே துடிப்பு எத்தனை வீதம் மேலே நிற்கிறது என்பதே அதற்கு முக்கியம். சேர்வோவின் சைகை வயர் மோட்டருக்குப் போவதில்லை. உள்ளே இருக்கும் சிறிய கட்டுப்பாட்டுச் சுற்றுக்குப் போகிறது. அந்தச் சுற்று, வந்த துடிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை மட்டுமே அளக்கிறது. 1 மில்லிசெக்கன் என்றால் ஒரு பக்கம், 1.5 மில்லிசெக்கன் என்றால் நடு, 2 மில்லிசெக்கன் என்றால் மறுபக்கம். வெளி அச்சுடன் சேர்ந்து சுழலும் மாறுந்தடை ஒன்று சேர்வோ இப்போது எங்கே நிற்கிறது என்பதைச் சுற்றுக்குச் சொல்கிறது. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் இருக்கும்வரை மோட்டர் அந்தந்தத் திசையில் ஓடும். வித்தியாசம் தீர்ந்ததும் நிற்கும்.

இந்தத் துடிப்பு ஏறத்தாழ 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, அதாவது செக்கனுக்கு 50 தடவை, வரவேண்டும். பழைய ரிமோட் தொகுதிகள் எல்லாச் சனல்களையும் (ஒவ்வொரு சேர்வோவுக்குமான கட்டளைப் பாதைகளை) ஒன்றன்பின் ஒன்றாக ஒரே அலையில் அனுப்பின. எட்டுச் சனல்களுக்குத் தலா 2 மில்லிசெக்கன் என்றால் 16; அடுத்த வரிசை தொடங்குகிறது என்று ரிசீவர் அறிந்துகொள்வதற்கு ஓர் இடைவெளியும் வேண்டும். இப்படித்தான் 20 என்ற எண் நிலைத்தது.

உங்கள் 9ஆம் முனையில் அனலொக்ரைட் தரும் துடிப்போ செக்கனுக்கு ஏறத்தாழ 490 தடவை வருகிறது. 128 என்று கொடுத்தீர்களானால் துடிப்பின் நீளம் ஏறத்தாழ 1 மில்லிசெக்கன்தான். நீளம் எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் வரவேண்டியதைவிடப் பத்து மடங்கு அடிக்கடி வருகிறது. சாதாரண அனலொக் சேர்வோ துடிப்பு வரும் ஒவ்வொரு தடவையும் மோட்டரை ஒரு முறை உந்தித் திருத்துவது. அதற்கு ஓய்வே கிடைக்காதபோது முனகுவதும் சூடாவதும் இயல்பு.

சேர்வோ நூலகத்தை (ஆயத்தமாக எழுதிவைத்த செய்நிரல் தொகுப்பை) சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆயினும் நூலகம் உள்ளே செய்வதை ஒரு முறையேனும் கையால் கணித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஊனோவில் உள்ள ஏ.ரி.மெகா328பி சில்லு 16 மெகாஹேர்ட்ஸில் ஓடுகிறது. அதன் ரைமர் 1 (சில்லின் உள்ளே நேரத்தை எண்ணும் பகுதி) 16 பிட் எண்ணி. கடிகாரத்தை 8 ஆல் பிரித்தால் செக்கனுக்கு 20 இலட்சம் எண்ணிக்கைகள், அதாவது ஒன்றுக்கு அரை மைக்ரோசெக்கன். 20 மில்லிசெக்கனுக்கு 40,000 எண்ணிக்கைகள் வேண்டும். 16 பிட் எண்ணி 65,535 வரை எண்ணும் என்பதால் அது உள்ளே அடங்கிவிடுகிறது. நடுநிலைக்கு 3,000, ஓர் அந்தத்துக்கு 2,000, மற்றதற்கு 4,000. இடையில் 2,000 படிகள் கிடைக்கின்றன. இதே வேலையை 8 பிட் ரைமர் 0 இல் செய்யப் பார்த்தால், 20 மில்லிசெக்கனுக்கு அண்மையில் வருவதற்குக் கடிகாரத்தை 1,024 ஆல் பிரிக்க வேண்டியிருக்கும். அப்போது ஓர் எண்ணிக்கை 64 மைக்ரோசெக்கன், முழு வீச்சுக்கும் பதினைந்து பதினாறு படிகளே மிஞ்சும். 90 பாகை வீச்சில் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 6 பாகை. கடிகார முள்போல் துள்ளித் துள்ளி நகரும் சுக்கானை எந்தப் படகிலும் வைக்க முடியாது. உங்கள் அறிக்கையில் இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நூலகம் ஏன் ரைமர் 1 ஐ எடுத்துக்கொள்கிறது என்பதும், அதைச் சேர்த்ததும் 9ஆம், 10ஆம் முனைகளில் அனலொக்ரைட் ஏன் வேலை செய்யாமல் போகிறது என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

கேள்வி: களப்பில் விடுவதற்குப் பாய்மரப் படகின் மாதிரி ஒன்றைச் செய்துள்ளேன். சுக்கானுக்கு 9 கிராம் சேர்வோ. பாய்க் கயிற்றை இழுக்க எம்.ஜீ.996ஆர் என்ற பெரிய சேர்வோ. மேசையில் கணினியுடன் இணைத்துச் சுக்கானை மட்டும் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. பெரிய சேர்வோவையும் பூட்டி, 9 வோல்ற் சதுரப் பற்றரியில் ஓடவிட்டால், கயிறு இழுபடத் தொடங்கும் கணத்தில் இரண்டும் நடுங்கி, செய்நிரல் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. மல்ரிமீற்றரில் 5 வோல்ற் சரியாகவே காட்டுகிறது. செய்நிரலை மூன்று தடவை மாற்றி எழுதிவிட்டேன்.
– வாசகர், குருநகர்

பதில்: செய்நிரலை இனி மாற்ற வேண்டாம். இது மின்வழங்கலின் குறை.

கணக்கைப் பாருங்கள். எம்.ஜீ.996ஆர் தடைப்பட்டு நிற்கும்போது 6 வோல்ற்றில் ஏறத்தாழ 2.5 அம்பியர் இழுக்கும் என்று தயாரிப்பு விவரத்தாளிலேயே இருக்கிறது. சேர்வோ நின்ற நிலையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு தடவையும் ஒரு கணத்துக்கு அந்த அளவை நெருங்குகிறது. கணினியின் யூ.எஸ்.பி. வழியாக ஊனோவுக்குக் கிடைப்பது அரை அம்பியர். அதற்கு மேல் போனால் பலகையில் உள்ள உருகி தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். 9 வோல்ற் சதுரப் பற்றரி புகை உணரிக்கும் சிறிய வானொலிக்கும் செய்யப்பட்டது. ஓர் அம்பியர் கேட்டாலே அதன் மின்னழுத்தம் சரிந்துவிடும். அது சரியாமல் தாக்குப்பிடித்தது என்றே வைத்துக்கொள்வோம்: பலகையின் ஒழுங்காக்கி 9 ஐ 5 ஆக்க, மிச்சம் 4 வோல்ற்றையும் வெப்பமாக வெளியேற்ற வேண்டும். அரை அம்பியருக்கே அது 2 வற்று. நகக்கண் அளவான ஒரு சில்லுக்கு அது பெருஞ்சுமை.

மல்ரிமீற்றர் 5 வோல்ற் காட்டியது உண்மைதான். ஆனால் மீற்றர் செக்கனுக்குச் சில தடவைகளே அளக்கிறது. மின்னழுத்தம் சில மில்லிசெக்கன் விழுந்து எழும்பினால் அதன் கண்ணில் படாது. 2.7 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் ஊனோவின் சில்லு தன்னைத் தானே மீளத் தொடங்கிக்கொள்ளும். அதற்குச் சற்று மேலே நின்றால் நிலைமை இன்னும் மோசம்: மீளத் தொடங்காது, ஆனால் 16 மெகாஹேர்ட்ஸில் நம்பிக்கையாக ஓடவும் மாட்டாது. காரணமே பிடிபடாத கோளாறுகள் பல இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

இதை அலைவுகாட்டி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். படகின் மூடியைத் திறந்து, பலகையில் 13ஆம் முனையுடன் இணைந்துள்ள, பக்கத்தில் எல் என்ற எழுத்துப் பொறித்த சிறிய விளக்கை உற்றுப் பாருங்கள். செய்நிரலின் தொடக்கத்தில் மட்டும் அந்த விளக்கை விரைவாகச் சில தடவை மினுங்கச் செய்யுங்கள்; வேறெங்கும் செய்நிரல் அதைத் தொடாதிருக்கட்டும். கயிற்றை விரலால் பிடித்துக்கொண்டு பெரிய சேர்வோவை இழுக்கச் சொல்லுங்கள். அது முக்கும் அதே கணத்தில் எல் விளக்கு விரைவாகச் சில தடவை மினுங்கினால், சில்லு மீளத் தொடங்கியிருக்கிறது என்பது உறுதி. நான் இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தச் செய்நிரலிலும் கைவைப்பதில்லை.

இனிச் செய்யவேண்டியது. சேர்வோக்களின் சிவப்பு வயரைப் பலகையின் 5 வோல்ற் முனையிலிருந்து கழற்றிவிடுங்கள். அவற்றுக்குத் தனியாக, மீள மின்னேற்றக்கூடிய நிக்கல் கலங்கள் நான்கை அடுக்கினால் 4.8 வோல்ற் கிடைக்கும். அல்லது லித்தியம் பற்றரியுடன் குறைந்தது 3 அம்பியர் தரும் யூ.பெக் (பற்றரியின் மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாகத் தரும் சிறு சுற்று) ஒன்றை வைத்து 5 அல்லது 6 வோல்ற் எடுங்கள். பெரிய சேர்வோவுக்குப் பக்கத்திலேயே, மூன்று நான்கு சென்ரிமீற்றருக்குள், 1,000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றை முனைவு பார்த்துப் பொருத்துங்கள். மின்வழங்கல் பிரிந்த பிறகு பலர் மறப்பது ஒன்று உண்டு: சேர்வோப் பற்றரியின் மறை முனையும் பலகையின் கிரவுண்ட் முனையும் ஒரு வயரால் இணைந்தே இருக்க வேண்டும். சைகை வயரில் வரும் 5 வோல்ற் எதிலிருந்து 5 என்பது சேர்வோவுக்குத் தெரியாவிட்டால், அது மீண்டும் நடுங்கத் தொடங்கும்; நீங்களும் நான்காவது தடவையாகச் செய்நிரலை மாற்றப் போவீர்கள்.

படகைக் களப்பில் விடுவதாக எழுதியிருப்பதால் இன்னொரு சொல். ரிசீவரின் அன்ரனாவை நீர்மட்டத்துக்கு மேலே, முடிந்தால் பாய்மரத்தின் அடியில் நிமிர்த்தி வையுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை நீர் விழுங்கிவிடும்.

கேள்வி: நல்லூர்த் தேரைப் பார்த்து, முச்சாண் உயரத்தில் ரிமோட்டில் ஓடும் தேர் ஒன்று செய்திருக்கிறேன். முன்சில்லைத் திருப்ப ஒரு சேர்வோ. தேரைச் சுற்றி நிறம் மாறும் விளக்குப் பட்டி, 60 விளக்குகள். விளக்குகளை அணைத்தால் தேர் நேராகப் போகிறது. விளக்குகள் நிறம் மாறத் தொடங்கினால் முன்சில்லு இடையிடையே வெட்டி வெட்டித் திரும்புகிறது. சென்ற இதழில் நீங்கள் சொன்னபடி மின்வழங்கலைப் பிரித்துவிட்டேன்.
– வாசகர், நல்லூர்

பதில்: மின்வழங்கலைப் பிரித்தது நல்லது, அறுபது விளக்குகளுக்கு அது எப்படியும் தேவை. இப்போது எஞ்சியிருப்பது நேரச் சண்டை.

நீங்கள் வாங்கிய பட்டி டபிள்யூ.எஸ்.2812 வகை என்று உங்கள் வரைபடத்தில் இருந்து அறிகிறேன். ஒவ்வொரு விளக்குக்கும் 24 பிட். ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோசெக்கன், ஆக ஒரு விளக்குக்கு 30 மைக்ரோசெக்கன், அறுபதுக்கு 1.8 மில்லிசெக்கன். இந்த நேரக்கணக்கு சற்றே பிசகினாலும் நிறம் மாறிவிடும் என்பதால், ஊனோவில் விளக்கு நூலகம் அந்த 1.8 மில்லிசெக்கன் முழுவதும் இன்ரரப்ட்களை (நடக்கும் வேலையை இடைநிறுத்தி அவசர வேலைக்கு அழைக்கும் உட்சைகைகளை) நிறுத்திவைக்கிறது. சேர்வோ நூலகமோ துடிப்பை முடிக்கவேண்டிய கணத்தை ஓர் இன்ரரப்ட் மூலமே அறிகிறது. 1.5 மில்லிசெக்கனில் இறங்கவேண்டிய துடிப்பு, விளக்குகளுக்குத் தரவு போய் முடியும்வரை காத்திருந்து, 2 அல்லது 3 மில்லிசெக்கனில் இறங்குகிறது. சேர்வோ கேட்டபடியே நடக்கிறது, கேட்டது பிழை.

உங்களிடம் ஒரே ஒரு சேர்வோ என்பதால் செலவில்லாத வழி இருக்கிறது. நூலகத்தை நீக்கிவிட்டு, கொக்குவில் மாணவிக்குச் சொன்ன ரைமர் 1 கணக்கைக் கொண்டு 9ஆம் முனையை நேரடியாக இயக்குங்கள். அப்போது துடிப்பை ஏற்றி இறக்குவது ரைமரின் வன்பொருளே. இன்ரரப்ட் நின்றாலும் ஓடினாலும் அதற்குக் கவலை இல்லை. 9 உம் 10 உம் இப்படி இரண்டு சேர்வோக்களுக்குப் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பீ.சீ.ஏ.9685 சில்லுள்ள பலகை ஒன்றை வாங்குங்கள். 16 சேர்வோக்கள் வரை இரண்டே வயரில் இயக்கலாம். அதில் 20 மில்லிசெக்கன் 4,096 ஆகப் பிரிவதால் ஒரு படி ஏறத்தாழ 4.9 மைக்ரோசெக்கன், 1 மில்லிசெக்கன் வீச்சுக்கு 200 சொச்சம் படிகள். தேர்ச்சில்லுக்கு அது தாராளம்.

கேள்வி: பட்டம் கட்டிப் பழகிய கையால் நுரைப்பலகையில் வாலில்லாத இறக்கை விமானம் ஒன்று செய்தேன். இரண்டு சேர்வோக்களும் ஏற்ற இறக்கத்தையும் சாய்வையும் சேர்த்தே செய்ய வேண்டும். என் பழைய ரிமோட்டில் இந்தக் கலப்பு வசதி இல்லை. ரிசீவருக்கும் சேர்வோவுக்கும் இடையில் ஊனோ ஒன்றை வைத்து, பல்ஸ்இன் கட்டளையால் இரண்டு சனல்களையும் வாசித்துக் கலக்கிறேன். கை அசைத்துச் சற்றுக் கழித்துத்தான் இறக்கை அசைகிறது. சில வேளைகளில் திடீரென்று ஒரு துள்ளலும் வருகிறது.
– வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: முதலில் கலப்பைச் சரிபார்ப்போம். இரண்டு சனல்களையும் 1,500 மைக்ரோசெக்கனிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றச் சனல் 1,600, சாய்வுச் சனல் 1,700 என்றால் விலகல்கள் 100 உம் 200 உம். ஓர் இறக்கைக்குக் கூட்டல்: 1,800. மற்றதற்குக் கழித்தல்: 1,400. இரண்டு சேர்வோக்களும் ஒன்றையொன்று பார்த்தபடி பொருத்தப்படுவதால் ஒன்றின் திசையைச் செய்நிரலில் புரட்ட வேண்டியிருக்கும். இரண்டு குச்சிகளையும் முழுதாகத் தள்ளினால் கூட்டுத்தொகை 1,000 விலகலாகி எல்லை கடந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் 0.6 அல்லது 0.7 ஆல் பெருக்கி, முடிவை 1,000க்கும் 2,000க்கும் இடையில் நிறுத்துங்கள்.

தாமதத்துக்குக் காரணம் பல்ஸ்இன். அது துடிப்பு தொடங்கும்வரை சும்மா காத்திருந்து, முடியும்வரை அளந்துவிட்டே அடுத்த வரிக்குப் போகிறது. பல ரிசீவர்கள் சனல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடுவதால், நீங்கள் இரண்டாவதை முதலில் கேட்டுவிட்டு முதலாவதைக் கேட்டால் அடுத்த 20 மில்லிசெக்கன் சுற்றுவரை காத்திருக்க நேரும். ஊனோவின் 2ஆம், 3ஆம் முனைகளுக்கு ரிசீவரின் இரண்டு சனல்களையும் கொடுத்து, துடிப்பு ஏறும்போது நேரத்தைக் குறித்து, இறங்கும்போது வித்தியாசத்தை எடுக்கும் இன்ரரப்ட் முறைக்கு மாறுங்கள். ஊனோவில் இந்த நேர அளவு 4 மைக்ரோசெக்கன் படிகளில் வரும். கையால் பறக்கவிடுவதற்கு அது போதும்.

மாறியதும் அந்தத் துள்ளல் கூடவும் கூடும். இதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் பல மாதங்கள் தேடினாலும் அகப்படாத பிழை இது. ஊனோவின் சில்லு 8 பிட். உங்கள் எண்ணோ இரண்டு பைட். 1,532 என்பது 5 தடவை 256, மிச்சம் 252. செய்நிரல் அந்த 252 ஐ எடுத்துவிட்டு 5 ஐ எடுக்கப் போகும் இடைவெளியில் இன்ரரப்ட் வந்து எண்ணை 1,536 ஆக்கிவிட்டால், அதாவது 6 தடவை 256, மிச்சம் 0 ஆக்கிவிட்டால், செய்நிரலின் கைக்கு வருவது பழைய 252 உம் புதிய 6 உம்: 1,788. குச்சி மயிரிழை அசைந்தது. இறக்கை பாதி வீச்சுக்குப் பாய்கிறது. மாறியை வொலற்றைல் (எந்நேரமும் மாறக்கூடியது) என்று அறிவித்தால் மட்டும் இது தீராது. இன்ரரப்ட்களை ஒரு கணம் நிறுத்தி, எண்ணை வேறொரு மாறிக்குப் பிரதி எடுத்து, உடனே திறந்துவிடுங்கள். அத்துடன் 900க்குக் குறைந்ததும் 2,100க்குக் கூடியதுமான எந்த அளவையும் ஏற்காமல் தள்ளிவிடுங்கள். வெளியீட்டுக்கு 9ஆம், 10ஆம் முனைகளை ரைமர் 1 இன் வன்பொருளாலேயே இயக்கினால், வாசிக்கும் இன்ரரப்ட்டும் எழுதும் இன்ரரப்ட்டும் ஒன்றையொன்று தடுக்கும் சிறு நடுக்கமும் போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கட்டாயம் சொல்லியாக வேண்டும். இடையில் ஊனோ வந்துவிட்டதால், ரிசீவரில் துடிப்பு நின்றால் என்ன செய்வது என்பது இனி உங்கள் பொறுப்பு. நான் முதலில் செய்த மோட்டர்ப் படகில் இதை யோசிக்கவில்லை. பண்ணைக் கடலில் ரிமோட்டின் பற்றரி தீர்ந்தபோது, படகு கடைசியாகக் கொடுத்த வேகத்திலேயே மண்டைதீவுப் பக்கமாக ஓடியது. வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தோணியில் போய்ப் பிடித்துத் தந்தார். விமானத்தைப் பிடித்துத் தர யாரும் இல்லை. 200 மில்லிசெக்கனுக்கு மேல் புதிய துடிப்பு வராவிட்டால் மோட்டரை நிறுத்தி, இறக்கைகளை மெல்லிய வட்டமாக இறங்கும் நிலையில் வையுங்கள். சில ரிசீவர்கள் தொடர்பு அறுந்த பின்னும் கடைசித் துடிப்பையே வெளியிட்டுக்கொண்டிருக்கும் என்பதால், விசிறியைக் கழற்றிவிட்டு, ரிமோட்டை அணைத்து, வெளியீட்டில் நடப்பதை நிலத்திலேயே பார்த்துவிடுங்கள். பலாலி விமான நிலையம் இருக்கும் குடாநாட்டில் பறக்கவிடுவதற்கு முன் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளையும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: 180 பாகை என்று எழுதிய சேர்வோவுக்கு 0 உம் 180 உம் கொடுத்தால் இரண்டு அந்தத்திலும் உறுமுகிறது. ஒன்றின் பல் உடைந்தும்விட்டது. தரங்குறைந்த பொருளா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: பொருளின் மீது மட்டும் பழி சொல்ல முடியாது. ஆர்டுயினோ சேர்வோ நூலகத்தில் 0 பாகை என்றால் 544 மைக்ரோசெக்கன், 180 என்றால் 2,400. உங்கள் சேர்வோவின் உள்ளே இருக்கும் தடுப்பு அதற்கு முன்னரே வந்துவிட்டால், மோட்டர் தடுப்பின்மீது பற்சில்லை அமுக்கிக்கொண்டே இருக்கும். பிளாஸ்ரிக் பல் உடைவது அங்கேதான்.

பாகையை விட்டுவிட்டு மைக்ரோசெக்கனில் எழுதும் கட்டளைக்கு வாருங்கள். சேர்வோவின் அச்சில் பூட்டிய கையைக் கழற்றிவிட்டு, 1,500 இல் தொடங்கி, 20 மைக்ரோசெக்கன் படிகளாக ஒரு பக்கம் நகர்த்துங்கள். ஒவ்வொரு படியிலும் சேர்வோவைக் காதுக்கு அருகில் பிடியுங்கள். அசைந்து அமைதியானால் அடுத்த படி. அசையாமல் தொடர்ந்து உறுமினால் அதுவே தடுப்பு. அங்கிருந்து 50 மைக்ரோசெக்கன் பின்வாங்கி, அந்த எண்ணை அந்தச் சேர்வோவின் எல்லையாக எழுதிவையுங்கள். மறுபக்கத்துக்கும் அப்படியே. ஒரே பெட்டியில் வந்த இரண்டு சேர்வோக்களுக்கும் எண்கள் வேறுபடலாம் என்பதால், எல்லைகளைச் சேர்வோவின் உடம்பிலேயே மையால் எழுதி வைப்பது என் வழக்கம். உடைந்ததற்கு மாற்றுப் பற்சில்லுகள் தனியாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது உலோகப் பல்லாக வாங்குங்கள்.